வல்லிபுரத்தின் முறை நாள்

ஊரை விட்டு வெளிக்கிட்ட மூன்றாம் நாள் காலையில் கிணறும் வந்து சேர்ந்தது. பள்ளிக்கூட முற்றத்தில், வேப்பமரத்துக்கும் கொடிக்கம்பத்துக்கும் நடுவில், முதல்நாள் பின்னேரம்வரை பிள்ளைகள் கிளித்தட்டு மறித்த வெறும் நிலத்தில், நெடுந்தூரம் நடந்து வந்த களைப்பில் கொஞ்சம் ஒருபக்கம் சாய்ந்தாற்போல அது நின்றது. முதலில் கண்டவள் செல்லக்கண்டு. பல் தீட்டக் கரித்தூளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தவள், கிணற்றுக்கட்டில் தன் மாமனார் சீமெந்து காயுமுன் விரலால் எழுதிய வருசத்தைப் பார்த்தாள், வாளி உரசி உரசிக் குழிவிழுந்த இடத்தைப் பார்த்தாள், பிறகு அதன் தண்ணீரிலேயே வாயைக் கொப்பளித்துவிட்டு உள்ளே போய், “எங்கட கிணறு வந்திட்டுது” என்று சொன்னாள்.

சாக்கு மறைப்புகளுக்குப் பின்னால் படுத்திருந்தவர்களில் ஒருவர் மட்டும் எழும்பி உட்கார்ந்தார். அவர் முத்துக்குமாரர். கிணற்றின் முறைகளைச் சொல்லிக் கொடுப்பதும், சண்டை வந்தால் தீர்ப்பதும் முப்பது வருசமாக அவர் வேலை. “வரத்தானே வேணும்,” என்றார். “எட்டுப் பங்கில ஏழு பங்கு இஞ்ச கிடக்கு. ஏழு பேரை விட்டிட்டு அது அங்க ஆருக்காக நிக்கிறது?”

அதற்குமேல் அதைப்பற்றி யாரும் யோசிக்கவில்லை. மூன்று நாளாக ஒரு போத்தல் தண்ணீருக்காக மூன்று ஒழுங்கை நடந்தவர்கள் அவர்கள். வந்த தண்ணீரை ஏன் வந்தாய் என்று கேட்கும் தெம்பு ஒருவருக்கும் இருக்கவில்லை.

அந்தச் செம்மண் ஊரில் அது எட்டுக் குடும்பங்களின் பங்குக் கிணறு. ஒரு குடும்பத்துக்கு எட்டு நாளைக்கு ஒரு நாள் முறை வரும். அந்த நாளில் விடியத் தொடங்கி வெயில் உச்சிக்கு வரும்வரை தண்ணீர் முழுக்க அவர்களுடைய தோட்டத்துக்கு. உச்சி சாய்ந்தால் கிணறு அடுத்த முறைக்காரன் கைக்கு மாறும்; குடிக்கவும் குளிக்கவும் எல்லோருக்கும், மிஞ்சியது அவனுடைய வாய்க்காலுக்கு. ஒருவன் தன் கலியாண நாளை மறந்துபோகலாம், முறை நாளை மறக்கமாட்டான். முறை தவறினால் பயிர் பதினாறு நாள் தண்ணீர் காணாது. பதினாறு நாள் தண்ணீர் காணாத வெங்காயத்தை மாடும் திரும்பிப் பார்க்காது.

ஆனி மாதத்தில் கடற்கரைப் பக்கமிருந்து செல் குண்டு விழத் தொடங்கியபோது செல்லக்கண்டு சீலை இரண்டையும் அரிசிப் பையையும் கட்டிக்கொண்டு வாசல் படலையில் நின்றாள். அவளுடைய புருசன் வல்லிபுரம் வேலிக்கதியாலில் சாய்ந்துகொண்டு, போகிறவர்களை யாரோ திருவிழாவுக்குப் போகிறார்கள் என்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“நீ முன்னுக்குப் போ. நாளைக்கு என்ர முறை. இறைச்சு முடிச்சுப்போட்டு மத்தியானம் சைக்கிளில வந்து பிடிக்கிறன்.”

“ஊரே ஓடுது. உங்களுக்கு வெங்காயமே பெரிசு?”

“வெங்காயம் கிடக்கட்டும். நான் முறையை விட்டால் கதிரித்தம்பி பிடிச்சிடுவான். ஒருக்காப் பிடிச்சானெண்டால் பிறகு அவன்ர வாயிலிருந்து பிடுங்கேலாது.”

கதிரித்தம்பி வல்லிபுரத்தின் சின்னையா மகன். வல்லிபுரத்தின் முறைக்கு அடுத்த முறை அவனுடையது. உச்சிக்கு ஒரு சாண் முன்பே வாய்க்காலைத் திருப்புகிறவன் என்று இவனும், உச்சி சாய்ந்தும் விடாதவன் என்று அவனும், பன்னிரண்டு வருசமாகப் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தார்கள். செல்லக்கண்டுவுக்குப் புருசன் சொன்னது நியாயமாகவே பட்டது. அங்கே நின்ற எவருக்கும் அது நியாயமாகவே பட்டிருக்கும். வல்லிபுரத்துக்குத் தெரியாமல் போனது ஒன்றுதான்: அவன் அதைச் சொல்லிக்கொண்டு நின்ற நேரத்தில் கதிரித்தம்பி பெண்சாதியையும் இரண்டு ஆட்டையும் தட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு பின்ஒழுங்கையால் வெகுதூரம் போய்விட்டிருந்தான். அடுத்தநாள் காலை பத்து மணிக்கெல்லாம் பாதை அடைபட்டுவிட்டது.

ஆகவே கிணறு முழுதாக வரவில்லை. கிழக்குப் பக்கக் கட்டில் எட்டில் ஒரு பங்கு, கத்தியால் வெட்டி எடுத்த பணியாரத் துண்டுபோல இல்லாமலிருந்தது. தண்ணீர் இறைக்கும் துலா நின்றதும் அந்தப் பக்கத்தில்தான், துலாவும் வரவில்லை. முத்துக்குமாரர் அந்த வெட்டை விரலால் தடவிப் பார்த்து, “வல்லிபுரத்தின்ர பங்கு,” என்றார். கதிரித்தம்பி அந்த இடத்துக்குக் கிட்டவும் வரவில்லை.

பள்ளிக்கூடத்தில் அறுபது குடும்பங்கள் இருந்தன. அகதிகளைப் பதிய வந்த விதானையார் கிணற்றைச் சுற்றி ஒருதரம் நடந்து, தலையைச் சொறிந்து, இந்தப் பள்ளிக்கூடத்துக்குக் கிணறு இருந்ததாகத் தன்னிடம் பதிவில்லை என்றும், பதிவில்லாத கிணற்றில் சனம் குடித்தால் பிறகு மேலிடத்துக்குத் தான்தான் பதில் சொல்லவேண்டும் என்றும் சொல்லி, கடைசியில் இடம்பெயர்ந்தோர் பட்டியலில் அறுபத்தோராம் இலக்கத்தில் அதை எழுதினார். குடும்பத் தலைவர் என்ற இடத்தில் முத்துக்குமாரர் பெயர். அங்கத்தவர் என்ற இடத்தில் எட்டு என்று எழுதி, பிறகு வெட்டி, ஏழு என்று எழுதினார். செல்லக்கண்டு அவரையே பார்த்துக்கொண்டு நின்றபடியால் அதையும் வெட்டி மறுபடி எட்டாக்கினார். அதன்பிறகு அந்தக் கிணற்றுக்கும் கிழமைக்கிழமை நிவாரண மா வந்தது. வந்த மாவை வேண்டாம் என்று சொல்வதா? வேண்டாமென்று திருப்பிக் கொடுக்கும் முறை ஒருவருக்கும் தெரியவில்லை, சனம் அதைப் பிட்டவித்துச் சாப்பிட்டது.

ஊரில் அந்தக் கிணற்று வேலிக்குள் கால்வைக்கக் கூடாது என்று வைக்கப்பட்டிருந்த குடும்பங்களும் அந்தப் பள்ளிக்கூடத்திலேயே இருந்தன. முதல் இரண்டு நாளும் பங்குக்காரர் தாங்கள் அள்ளி அவர்களுடைய குடத்துக்குள் உயரத்தில் பிடித்து ஊற்றினார்கள். துலா இல்லாமல் கையால் கயிறிழுத்து அறுபது குடும்பத்துக்கு அள்ளுவதென்பது என்ன வேலை என்று மூன்றாம் நாள் தெரிந்தது. கதிரித்தம்பி உள்ளங்கை இரண்டும் கொப்பளித்துப்போய், “இந்தா, நீயே அள்ளு,” என்று கயிற்றை முன்னால் நின்றவனிடம் நீட்டினான். நடந்தது அவ்வளவுதான். மனம் திருந்தியதாக யாரும் எழுதிவிட வேண்டாம்; கை நொந்தது.

முறை மட்டும் அப்படியே இருந்தது. இறைக்கத் தோட்டமில்லாவிட்டாலும் இன்றைக்கு யாருடைய நாள் என்று எல்லோருக்கும் தெரியும். அன்றைக்குரிய பங்குக்காரர் கிணற்றடியில் நின்று வரிசை பார்ப்பார், குடங்களை ஒழுங்குபடுத்துவார், சண்டைபிடிக்கிற பெண்களிடம் ஏச்சு வாங்குவார்.

வல்லிபுரத்தின் நாள் வந்தபோது செல்லக்கண்டு விடியவே போய்க் கிணற்றடியில் நின்றாள். புருசன் இல்லாத இடத்தில் பெண்சாதிதான் வரிசை பார்க்கவேண்டும். முதல் குடம் வைக்க வந்த குணமணி, கைக்குழந்தைக்காரி, கட்டுக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, “அக்கா, தண்ணி ஆடுது,” என்றாள்.

கிணற்றுக்குள் ஒருவரும் வாளி விடவில்லை. ஆனாலும் தண்ணீரின் நடுவில் ஒரு குழி விழுந்தது, வட்டம் வட்டமாக அலை வந்து சுவரில் முட்டியது, குழி மேலெழும்பிச் சிந்தியது, பிறகு அமைதி. ஒரு மனிதன் துலாவை விட்டு, வாளியை வாய்க்காலில் கவிழ்த்து, மறுபடி துலாவைப் பிடிக்கிற நேரமளவுக்கு அமைதி. பிறகு மறுபடி குழி. விடியலிலிருந்து உச்சிவரை அப்படியே நடந்தது. தண்ணீர் இரண்டு முழம் இறங்கியது. உச்சி சாய்ந்ததும் நின்றது.

செல்லக்கண்டு கட்டில் கைவைத்துக்கொண்டு உச்சிவரை நின்றாள். “இருக்கிறார்,” என்றாள். “இறைக்கிறார்.”

அன்றிலிருந்து எட்டாம் நாள் காலையில் யாரும் அந்தக் கிணற்றில் வாளி விடுவதில்லை என்றாயிற்று. யாரும் அப்படிச் சட்டம் போடவில்லை. ஒருவனுடைய முறையில் இன்னொருவன் கைவைப்பதில்லை என்பது எல்லோருடைய உடம்பிலும் ஊறியிருந்தது. முதல்நாளே குடங்களில் நிறைத்து வைத்தார்கள். செல்லக்கண்டு மட்டும் கிணற்றடியில் ஒரு கல்லைப் போட்டுக்கொண்டு இருப்பாள். வாளி விழுகிற வேகத்தில் அவன் கோபமாயிருக்கிறானா, இடுப்பு நாரி பிடித்திருக்கிறதா என்பது அவளுக்குத் தெரிந்தது. ஒன்பது மணிக்கு ஒரு பெரிய இடைவெளி வரும். “தேத்தண்ணி வைக்கிறார்,” என்பாள். “சீனி எங்க இருக்குதெண்டே அந்த மனுசனுக்குத் தெரியாது. வெறும் சாயத்தைக் குடிக்கிறாரோ தெரியேல்லை.”

போகிறவர்கள் வருகிறவர்களெல்லாம் ஆஸ்பத்திரியில் நோயாளியைக் கேட்பதுபோலக் கேட்டுக்கொண்டு போவார்கள்.

“எப்பிடியாம் வல்லிபுரம்?”

“பதினெட்டுப் பாத்தி முடிஞ்சுது. மற்றப் பக்கத்துக்கு வாய்க்கால் திருப்பிப்போட்டார்.”

ஆடி நடுவில் இரண்டு முறை தண்ணீர் கொஞ்சமாகத்தான் இறங்கியது. முகாம் கலங்கிப்போனது. செல்லக்கண்டு கலங்கவில்லை. “வெங்காயம் கிண்டி எடுக்கிறார். கிண்டேக்குள்ள தண்ணி வேண்டாம்.” அடுத்த முறையில் வாளி விடாமல் விழுந்தது. “மிளகாய்க் கண்டு நட்டிருக்கிறார் போல,” என்றாள். தனியாளாக இவ்வளவு மிளகாய்க் கன்று நட்டு, பழுத்தபிறகு யாருக்கு விற்கப்போகிறார் என்று குணமணி கேட்டாள். அவர் விற்கிறதுக்கு நடுகிற ஆள் இல்லை, நட்டுப் பழகின கை சும்மா இருக்காது, அவ்வளவுதான் என்று செல்லக்கண்டு சொன்னாள்.

ஹெலி வந்தால் எல்லோரும் பங்கருக்குள் இறங்குவார்கள். செல்லக்கண்டுவும் இறங்குவாள், எட்டாம் நாளில் மட்டும் இறங்கமாட்டாள். கிணற்றுக்கட்டோடு குந்தி உட்கார்ந்து, தலைக்கு மேல் சுற்றுகிறதை விட்டுவிட்டு, அந்தச் சத்தம் அவன் இருக்கும் பக்கம் போகிறதா என்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

ஆவணியில் வெயில் ஏறியது. வேறு ஊர்களிலிருந்தும் சனம் வந்து பள்ளிக்கூடம் நூறு குடும்பமாயிற்று. ஏழு பங்கு வந்த கிணற்றில் ஏழு பங்கு ஊற்றுத்தான் இருந்தது. பின்னேரமானால் வாளி அடிச்சேற்றை இழுத்துக்கொண்டு வரும். சவர்க்காரம் இல்லாமல் பனம்பழத்தில் உடுப்புத் தோய்த்தார்கள், பிறகு தோய்ப்பதையும் விட்டார்கள். குடத்துக்காகத் தலைமயிர் பிடித்தார்கள், பிடித்து முடித்து ஒரே பாயில் படுத்தார்கள். ஒருவரோடொருவர் கோபமாயிருப்பதற்கும் தண்ணீர் வேண்டியிருந்தது.

அப்படியொரு எட்டாம் நாள் காலையில் குணமணியின் குழந்தைக்குக் காய்ச்சல் நெருப்பாய்க் கொதித்தது. நிறைத்து வைத்த குடம் கவிழ்ந்துபோயிருந்தது. குணமணி ஒருவரையும் கேட்கவில்லை. நேரே போய் வாளியைக் கிணற்றுக்குள் விட்டு இழுத்தாள்.

“என்ன வேலையடி செய்யிறாய்! அவர்ர முறை!” செல்லக்கண்டு எழும்பிக் கயிற்றைப் பிடித்தாள்.

“பிள்ளை சாகக் கிடக்குது அக்கா. உங்கட மனுசன் மிளகாய்க்குத்தானே இறைக்கிறார்?”

செல்லக்கண்டு கயிற்றை விட்டாள். இரண்டுபேரும் ஒரே நேரத்தில் கிணற்றுக்குள் பார்த்தார்கள். அலை நின்றிருந்தது. அந்தப் பக்கத்தில் ஒருவன் துலாக்கொடியைப் பிடித்தபடி, தன் கிணற்றில் தான் அள்ளாமல் ஒரு வாளித் தண்ணீர் குறைந்ததைப் பார்த்துக்கொண்டு நிற்பதுபோல நெடுநேரம் நின்றிருந்தது. பிறகு மெல்லத் தொடங்கியது. அன்றைக்கு உச்சி வர ஒரு மணித்தியாலம் இருக்கும்போதே அவன் இறைப்பை நிறுத்திவிட்டான். அடுத்த முறையும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. அந்த ஒரு மணித்தியாலம் நோயாளிகளுக்கும் கைக்குழந்தைக்காரிகளுக்கும் என்று முத்துக்குமாரர் ஒழுங்கு செய்தார்.

கதிரித்தம்பி அதைத் தூரத்தில் நின்று கேட்டான். “எனக்கு ஒரு நாளெண்டாலும் உச்சிக்கு ஒரு நிமிசம் முந்தி விட்டுத்தந்தவனில்லை,” என்றான். அதை அவன் குறையாகச் சொன்னானா வேறு எதுவாகச் சொன்னானா என்று கேட்டவர்களுக்கு விளங்கவில்லை.

புரட்டாசியில் ஒரு எட்டாம் நாள் தண்ணீர் ஆடவில்லை.

செல்லக்கண்டு உச்சிவரை பார்த்தாள். “காய்ச்சலாக்கும்,” என்றாள். அடுத்த எட்டாம் நாளும் ஆடவில்லை. அன்றைக்கு ஒருவரும் அவளிடம் எப்படியாம் என்று கேட்கவில்லை. கிணற்றடியைச் சுற்றிக்கொண்டு போனார்கள். மூன்றாவது முறையும் தண்ணீர் கண்ணாடியாய்க் கிடந்தது, அதில் வேப்பமரம் தலைகீழாய்த் தெரிந்தது. அன்று பின்னேரம் முத்துக்குமாரர் வந்து, கல்லில் உட்காராமல், நின்றபடியே பேசினார்.

“பிள்ளை, நான் சொல்லுறதைக் கோவிக்காமல் கேள்.”

“சொல்லுங்கோ அண்ணை.”

“பங்கை உன்ர பேருக்கு மாத்துவம். மாத்தினால் அந்த எட்டிலொரு பங்கும் இஞ்ச வந்திடும். ஊத்து முழுக்க வரும், துலாவும் வரும். நூறு குடும்பம்.”

“உயிரோட இருக்கிற ஆளின்ர பங்கை எப்பிடி மாத்துறது?”

பதில் இரண்டுபேருக்கும் தெரிந்திருந்தது. உயிரோடிருக்கிறவனுடைய பங்கு பெண்சாதிக்கு வராது.

அவள் சீலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். “ஒண்டு கேக்கிறன். அங்க நாள் பாக்கிறதுக்கு என்ன இருக்கு? கலண்டரே, ரேடியோவே? மனுசன் காய்ச்சலில கிடந்து நாள் பிசகிப் போச்சோ என்னவோ. தன்ர முறையெண்டு வேற நாளில வந்து துலாவைப் பிடிச்சு, இஞ்ச சனம் அள்ளுறதைக் கண்டிட்டு, சரி என்ர நாள் இல்லையாக்கும் எண்டு போயிருந்தால்? அவர் அப்பிடிப் போற ஆள்தான். மற்ற ஏழு நாளையும் ஒருக்கா விட்டுத்தாருங்கோ. ஒவ்வொரு நாளும் உச்சிவரைக்கும். பிறகு நீங்கள் சொல்லுறதைக் கேக்கிறன்.”

முறை மாற்றுவது அந்த ஊரில் புதிதல்ல. சாவீடு, கலியாணம், வருத்தம் என்று வந்தால் ஒருவர் நாளை இன்னொருவர் கேட்டு வாங்குவதுண்டு. ஆனால் ஏழு நாளை ஒருவரும் கேட்டதில்லை. நூறு குடும்பம் வரிசையில் நிற்கிறபோது கேட்டதே இல்லை. பங்குக்காரர் கூடினார்கள். ஒருவர் சூரியனைப் பார்த்தார், ஒருவர் குடத்தைப் பார்த்தார். “செத்தவனுக்குத் தண்ணி காட்டி, இருக்கிறவனைச் சாக்காட்டுறதே?” என்று ஒரு குரல் வந்தது. அது தவறான பேச்சென்று யாருக்கும் தோன்றவில்லை, தாகமெடுத்தவனுடைய பேச்சு அது.

கதிரித்தம்பி பின்னாலிருந்து எழும்பி வந்தான். “நாளைக்கு என்ர முறை,” என்றான். “நான் விடுறன்.” பிறகு கொப்பளித்துக் காய்ந்துபோன தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “அவன் அங்க நிண்டது என்னாலதானே. நான் அவனுக்கு முதலே ஓடிட்டன் எண்டு ஒரு சத்தம் குடுத்திருந்தால் வந்திருப்பான்.”

அதைக் கேட்டபின் மற்ற ஆறுபேரும் தங்கள் தங்கள் நாளை விட்டுக்கொடுத்தார்கள்.

ஏழு நாள். உச்சிவரைக்கும் யாரும் வாளி தொடவில்லை. குடங்களில் நேற்றைய தண்ணீர் முடிந்தபின் சனம் வேம்பின் நிழலில் வாயைத் திறந்துகொண்டு படுத்திருந்தது. நூறு குடும்பத்துச் சனமும் ஒருவனுக்காகச் சும்மா இருந்தது. அந்த ஏழு நாளில் அங்கே அழுத குழந்தைகளின் சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லை. முதல் நாள் இல்லை. இரண்டாம் நாள் இல்லை. ஐந்தாம் நாள் ஒரு வேப்பம்பழம் விழுந்து அலை எழும்பியது, பத்துப்பேர் ஓடிவந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஏழாம் நாளும் உச்சி சாய்ந்தது. எல்லோரும் குடத்தை நிறைத்துக்கொண்டு போனார்கள். வெயில் கொஞ்சம் தாழ்ந்து, முற்றத்தில் ஒருவருமில்லாத நேரத்தில், செல்லக்கண்டுவும் கல்லிலிருந்து எழும்பக் கையை ஊன்றினாள். அப்போது தண்ணீரில் ஏதோ விழுந்தது.

குடம் கழுவ வந்த குணமணியும் கண்டாள். கண்டவள் குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். “இருக்கிறார்! வல்லிபுரம் அண்ணை இருக்கிறார்! அள்ளுறார்!”

சாக்கு மறைப்புகள் விலகின. சனம் வந்து கட்டைச் சுற்றி நின்றது. முத்துக்குமாரர் கும்பிட்டார். “நாள் பிசகித்தான் போச்சு, அவள் சொன்னது சரிதான்,” என்று ஒருவருக்கொருவர் சொன்னார்கள். கதிரித்தம்பி வாயைப் பொத்திக்கொண்டு, நிலத்தில் குந்தி, சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தான். யாரோ கிணற்றின் பங்கு நிவாரண மாவில் சீனி போட்டு உருட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

செல்லக்கண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். கண்ணுக்குத் தெரியாத அந்த வாளி சரிந்து மூழ்கவில்லை. பட்டென்று விழுந்து மிதந்தது. அங்கே யாரோ துலாக்கொடியை அப்படியும் இப்படியும் ஆட்டினார்கள். மூழ்கவில்லை. தூக்கி மறுபடி எறிந்தார்கள். அது சுவரில் இடித்தது. அலை கோணலாக வந்தது. நாலாம் தரத்தில் அரைவாளி கிடைத்தது. இழுக்கிறபோதே அதில் பாதி கொட்டுப்பட்டது. துலாவைத் தன் வாழ்நாளில் தொட்டறியாத ஒரு கை. பிறகு ஒன்றுமில்லை. ஒரு ஆள் குடிக்கிற தண்ணீர்.

அவள் சீனிமா உருண்டையை வாங்கிக் குணமணியின் கையில் வைத்தாள். சனம் கலைந்தபின் முத்துக்குமாரர் மட்டும் நின்றார். அவரும் முப்பது வருசம் தண்ணீர் பார்த்தவர்.

“அது அவரில்லை அண்ணை.”

“…ஓம் பிள்ளை.”

“அவர் கண்ணை மூடிக்கொண்டு வாளியைக் கவிழ்ப்பார். இது ஆரோ பெடியன். பைப்புத் தண்ணி குடிச்சு வளந்தவன். அங்க காவலுக்கு நிக்கிற ஆமிக்காரனாக்கும்.”

“இருக்கும்.”

“அவர் இருந்தால் அவனை வாளியில தொட விட்டிருப்பாரே? கதிரித்தம்பியையே விடாத மனுசன்.”

அவளுக்கு அதைச் சொல்லும்போது கொஞ்சம் சிரிப்பு வந்தது. முத்துக்குமாரர் தலையைத் திருப்பிக்கொண்டார். நூறு குடும்பமும் வல்லிபுரம் இருக்கிறான் என்று நம்பிக்கொண்டு பின்னேரச் சோற்றுக்கு அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தது. நாட்கணக்கில் அந்தப் பள்ளிக்கூடத்தில் கேட்காத பேச்சும் சிரிப்பும் கேட்டது. அவள் ஒன்றும் சொல்லாமல் விட்டால் எட்டாம் நாளை இனி ஒருவரும் கேட்கமாட்டார்கள். நெற்றியில் பொட்டோடு அவள் அந்தக் கல்லில் எத்தனை வருசமும் இருக்கலாம். அவள் அதை யோசிக்காமலில்லை.

“இப்ப மாத்துவமே?” என்றார் அவர் மெதுவாக.

“நாளைக்கு அவர்ர முறை. உச்சி வரட்டும். அதுக்குள்ள அந்தப் பெடியனும் இன்னொரு வாளி குடிக்கிறதெண்டால் குடிக்கட்டும்.”

அடுத்தநாள் அவள் குளித்தாள். ஊரிலிருந்து கொண்டுவந்த இரண்டு சீலையில் கட்டாத மற்றதைக் கட்டிக்கொண்டாள். தண்ணீர் ஆடவில்லை. அந்தப் பெடியனும் வரவில்லை. வெயில் தலைக்கு நேரே வந்தபோது அவள் கல்லிலிருந்து எழும்பிக் கிழக்குப் பக்கத்தில், கட்டு இல்லாத அந்த இடத்தில் போய் நின்றாள்.

முறை முடிகிறபோது இறைப்புக்காரன் துலாவை விட்டு, அடுத்த முறைக்காரன் எங்கே நின்றாலும் கேட்கும்படி, முறை முடிந்தது என்று கூப்பிடவேண்டும். அடுத்தவன் ஏற்றேன் என்று பதில் சொல்லவேண்டும். சொல்லும்வரை தண்ணீர் கூப்பிட்டவனுடையதுதான். பேச்சுவார்த்தை இல்லாத பன்னிரண்டு வருசத்திலும் வல்லிபுரமும் கதிரித்தம்பியும் அந்த இரண்டு சொல்லை மட்டும் எட்டு நாளைக்கு ஒருதரம் ஒருவருக்கொருவர் சொல்லித்தான் இருந்தார்கள். இறைப்புக்காரன் இல்லாமல் போனால் அவனுடைய கடைசி முறைக்கு அவனுடைய ஆள் நின்று கூப்பிடவேண்டும்; அடுத்தவன் ஏற்றபின்தான் பங்கு அந்த ஆளின் பேருக்கு மாறும். அது அந்தக் கிணற்றில் நாலைந்து தரம் நடந்திருக்கிறது. பெண் கூப்பிட்டது இல்லை.

“முறை முடிஞ்சுது!” என்று செல்லக்கண்டு கூப்பிட்டாள்.

அடுப்படியில் பேசிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். முதலில் ஒருவருக்கும் விளங்கவில்லை. பிறகு பங்குக்காரருக்கு விளங்கியது. அவர்கள் முகத்தைப் பார்த்து மற்றவர்களுக்கு விளங்கியது. குணமணி குழந்தையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். கதிரித்தம்பி வேப்பமரத்தடியில் நின்றான்.

“முறை முடிஞ்சுது!”

“இல்லை மச்சாள்,” என்றான் அவன். “நேற்று அள்ளினவன்தானே. நாங்கள் எல்லாரும் கண்டனாங்கள்தானே.”

“நீர் வாளி விழுந்ததைப் பாத்தனீரே?”

அவன் தலையைக் குனிந்தான். அவனும் அந்தக் கிணற்றில் முப்பது வருசம் இறைத்தவன். நேற்றுச் சிரித்தபோதே, அழுதபோதே, அவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும்.

“நான் ஏற்கமாட்டன். உச்சி சாயேல்லை. இன்னும் நேரமிருக்கு.”

“சாஞ்சிட்டுது மச்சான். அவரும் இப்பிடித்தான் நேரம் பாத்துக்கொண்டு நிண்டவர். போதும்.” அவளுடைய குரலில் கோபமில்லை, அழுகையுமில்லை, நெடுந்தூரம் சுமந்த ஒன்றை இறக்கிவைக்க இடம் கேட்கிறவளின் குரல்தான் இருந்தது. “நூறு குடும்பம் காத்துக்கொண்டு நிக்குது. நான் இன்னொருக்காத்தான் கூப்பிடுவன். பிறகு எனக்கு ஏலாது.”

அவள் மூன்றாம் தரம் கூப்பிட்டபோது சத்தம் பாதியில் உடைந்தது.

கதிரித்தம்பி, வல்லிபுரத்துக்குச் சொல்கிறபோது எப்போதும் எங்கேயோ பார்த்துக்கொண்டு சொல்கிற அதே சொல்லை, அன்றைக்கு அவளை நேரே பார்த்துச் சொன்னான்.

“ஏற்றன்.”

கிழக்குப் பக்கக் கட்டும் துலாவும் எப்போது வந்து பொருந்தின என்று யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் செல்லக்கண்டுவைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தண்ணீர் ஏறுகிற சத்தம், தூரத்தில் மழை வருவதுபோல, கேட்டது. நூறு குடும்பத்தில் ஒருவர்கூடக் குடத்தைத் தூக்கவில்லை.

“என்னையே பாத்துக்கொண்டிருக்கிறியள்? ஏழு நாள் தாகத்தில கிடந்த சனமெல்லே. அள்ளுங்கோ,” என்றாள் அவள்.

முதலில் ஒரு குடம் அசைந்தது, பிறகு ஒன்று, பிறகு எல்லாம். வரிசை வேப்பமரத்தைச் சுற்றிப் படலைவரைக்கும் வளர்ந்தது. செல்லக்கண்டு தன்னுடைய வாளியை எடுத்துக்கொண்டு போய் அதன் கடைசியில் நின்றாள். முன்னால் நின்ற குணமணி திரும்பிப் பார்த்துப் பதறினாள்.

“அக்கா, நீங்கள் இப்ப பங்குக்காரி. முன்னுக்குப் போங்கோ.”

“நில்லு பிள்ளை,” என்றாள் செல்லக்கண்டு. “எனக்கு இனி ஒரு அவசரமுமில்லை.”